குகன் அண்ணையும் முள்ளம்பன்றிகளின் இறுதியாட்டமும்

பாரிசில் இறங்கிய அன்றைக்கே என்னை ஒரு குடும்பச் சண்டைக்கு நடுவராக உட்காரவைத்துவிட்டார்கள். பெட்டியைக்கூட நான் அதுவரை திறக்கவில்லை.

வந்தது அலுவலக வேலையாக. சென்னையில் நான் பார்ப்பது சொன்னால் யாரும் நம்பாத உத்தியோகம். அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து, ஒவ்வொரு நகர்வுக்கும் பெயர் ஒட்ட வேண்டும். யார் எறிந்தான், யார் பிடித்தான், யார் யார்மேல் விழுந்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கோயம்பேட்டில் மூட்டை தூக்கும் அப்பாவிடம் இந்த வேலையை விளக்கியபோது, "அவனுங்க அடிச்சிக்கிறாங்க, அத எழுதி வெக்க உனக்குச் சம்பளமா?" என்றார். ஆனால் வெளியே நாலு பேரிடம் "பையன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்றுதான் சொல்லிக்கொள்கிறார். பாரிஸ் கிளையில் புதிய மென்பொருள் பழகிவர என்னை அனுப்பினார்கள். 2019 ஜூன் மாதம், ஒன்றரை வாரம்.

தங்கியது லா ஷப்பலில், பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதி. அங்கே ரூ காய் என்ற தெருவில், குகன் அண்ணையின் சாப்பாட்டுக் கடைக்கு மேல் உள்ள அறை. அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கொத்துரொட்டிக் கல்லுக்குப் பின்னாலேயே பிறந்தவரைப்போல நிற்பார். அவர் மனைவி சாந்தி அக்கா கல்லாவில். சாவியைக் கையில் கொடுத்துக்கொண்டே "தம்பிக்கு என்ன வேலை?" என்று கேட்டார் அண்ணை. சொன்னேன். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்பக்கம் பார்த்துக் கத்தினார்.

"சாந்தி! கெதியா வாரும்! உந்த விசர் விளையாட்டைப் படிச்ச ஆள் ஒண்டு இந்தியாவிலையிருந்து வந்து நிக்குது!"

வழக்கு இதுதான். அவர்களுடைய ஒரே மகன் நிரோஜன், இருபத்திரண்டு வயது, பாரிசை ஒட்டிய பொபினிப் பையன்களின் அமெரிக்கக் கால்பந்துக் குழுவில் பந்தை உதைக்கிறவன். சட்டையில் முள்ளம்பன்றிப் படம் போட்ட குழு. ஆட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. ரூ காயில் ஒரு வாரத்து வியாபாரம் முழுவதும் ஞாயிறு மதியம்தான் நடக்கும். திரான்சி, பொபினி மாதிரிப் புறநகர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புடவையும் மளிகையும் வாங்க வந்து, அப்படியே சாப்பிட உட்காருவார்கள். கொத்து போடுவதில் நிரோஜனுக்குத் தகப்பனைவிட வேகம். அந்த நேரத்தில் அவன் மைதானத்தில்.

"விளையாடினாலும் பறவாயில்லை தம்பி. நிக்கிறான்! நாள் முழுக்க நிண்டு நாலு தரம் உதைக்கிறான். அங்கை நிக்கிற நிலையை இஞ்சை நிண்டால் நூறு கொத்து போகும்."

வரும் ஞாயிறு வட்டார இறுதியாட்டம். அப்பாவும் மகனும் தாயின் முன்னிலையில் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். முள்ளம்பன்றிகள் வென்றால் ஞாயிற்றுக்கிழமை இனி என்றைக்கும் நிரோஜனுக்கு. தோற்றால் அது கடைக்கு, அதாவது கல்லுக்கு. நான் ஆட்டம் தெரிந்தவன் ஆகையால் அண்ணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் அவரை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஆரும் உங்களை ஏமாத்தத் தேவையில்லை. அதுக்கு நீங்களே போதும்," என்றார் சாந்தி அக்கா.

காலையில் கீழே இறங்கினால் பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டியும் பருப்பும் சம்பலும். முழ நீளப் பிரெஞ்சுப் பாணைப் பிளந்து, உள்ளே தேங்காய்ச் சம்பலை அடைத்துத் தருவார் அக்கா. அதைச் சாப்பிட்டுவிட்டு அலுவலகம் போனால் மதியம் சீஸ். ஒன்று சுண்ணாம்பு மாதிரி, ஒன்று பூசணம் பிடித்தது மாதிரி, ஒன்று நிஜமாகவே பூசணம் பிடித்தது. கூட வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டு மேசையில் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் சாப்பிட்டு, கை கழுவி, ஒருவரை வேலையை விட்டே எடுத்திருப்பார்கள்.

வியாழன் மாலை கடையில் கூட்டம் குறைந்ததும் வகுப்பு தொடங்கியது. அப்பளத்தை மைதானமாக வைத்து, உளுந்து வடையைப் பந்தாக வைத்து விளக்கினேன். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, அதற்குப் பிறகு போனஸாக ஓர் உதை.

அண்ணை அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அட, இது எங்கடை கிளித்தட்டு!"

எனக்குக் கிளித்தட்டு தெரியாது. கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, ஒவ்வொரு கோட்டிலும் ஒருவன் மறித்து நிற்பானாம். நடுக்கோட்டில் ஓடித் திரிகிற தலைவனுக்குக் கிளி என்று பெயர். ஒருவர் கையும் படாமல் எல்லாக் கோட்டையும் தாண்ட வேண்டும். தான் ஓடினால் கிளி அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும் என்றார் அண்ணை.

"உவர் ஓடினதை நான் காணேல்லை தம்பி. கண்ட ஆக்களையும் காணேல்லை," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு நான் பிழைப்புக்காக நூறு தடவை பார்த்த அமெரிக்க இறுதியாட்டங்களை மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். 2010 ஆட்டத்தில் இரண்டாம் பாதி தொடங்கும்போது, எதிரிக்கு நீளமாக உதைத்துக் கொடுக்க வேண்டியவர்கள் குட்டையாக உதைத்துத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். "களவு!" என்று எழுந்துவிட்டார் அண்ணை. "கெட்டித்தனம்," என்றார் அக்கா. 2013 ஆட்டத்தில் பாதி அரங்கத்தில் விளக்கணைந்து அரை மணி நேரத்துக்கு மேல் எல்லோரும் சும்மா நின்றார்கள். அண்ணைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "அமெரிக்காவிலையுமே கறண்ட் போறது! சாந்தி, அமெரிக்காவிலையுமாம்!" 2018-ல் வழக்கமாகப் பந்தை எறிகிறவனே ஓடிப்போய்ப் பிடித்துக் கோட்டைத் தாண்டினான். "இது சமைக்கிறவன் அடுப்பை விட்டிட்டு மேசையிலை வந்து இருந்து சாப்பிட்ட மாதிரியெல்லோ," என்றார்.

2015-ஐக் காட்டியிருக்கக் கூடாது. கடைசி நிமிடம், கோட்டுக்கு ஒரே ஒரு கஜம், கையில் பந்து. கொண்டு ஓடினால் கோப்பை. ஆனால் எறிந்தார்கள். எதிரி ஒருவன் குறுக்கே பாய்ந்து பிடித்துவிட்டான். அண்ணை திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் எறிஞ்சவன்?"

"யாருக்கும் தெரியலைண்ணே."

"ஒரு கஜம்தானே? விழுந்தாலே போய்ச் சேர்ந்திடுவானே?"

"ஆமாண்ணே."

"பேந்து ஏன் எறிஞ்சவன்?"

வெள்ளிக்கிழமை காலை பருப்பு ஊற்றும்போதும் அதையே கேட்டார். சாப்பிட வந்த புடவைக்கடைக்காரரிடம் கேட்டார். அவர் யாரோ உறவுக்காரரின் குழந்தையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பதறிப்போனார்.

வெள்ளி மாலை பொபினியில் நிரோஜனின் பயிற்சியைப் பார்க்கக் கிளம்பினேன். டிராம் நிறுத்தத்தில் அறிவிப்புப் பலகையை எழுத்துக் கூட்டி முழுவதும் படித்துத்தான் ஏறினேன், அப்படியும் எதிர்ப்பக்கம் போய்விட்டேன். பக்கத்தில் இருந்த பிரெஞ்சுப் பாட்டியிடம் "பொபினி?" என்றேன். அவர் மூச்சுவிடாமல் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். எதிர் இருக்கையில் இருந்த நம்மவர் ஒருவர் இரக்கப்பட்டு மொழிபெயர்த்தார். "நீங்கள் பிழையான பக்கம் போறியளாம். அவவின்ரை மருமகனும் இப்பிடித்தானாம். மகள் சொல்வழி கேக்கேல்லையாம்."

நான் போய்ச் சேர்ந்தபோது பயிற்சி முடிந்திருந்தது. அரிசி மூட்டைகள் மாதிரியான பையன்களுக்கு நடுவே நிரோஜன் ஒல்லியாக, சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லாமல் நின்றான். வீட்டில் அப்பா தமிழில் கேட்பதற்கெல்லாம் பிரெஞ்சில்தான் பதில் சொல்வான். என்னிடம் ஆங்கிலம். "அப்பா ஒரு தடவைகூட என் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. முதல் தடவையே நான் தோற்பதைப் பார்க்க வருகிறார்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கடைக் கதவில் அண்ணை ஒரு அட்டையைத் தொங்கவிட்டார். தவிர்க்க முடியாத காரணத்தால் இன்று பூட்டு. பூட்டிய கதவுக்கு முன்னால் நாங்கள் வண்டியில் ஏறுவதற்குள் மூன்று பேர் வந்து தாழ்ந்த குரலில் "ஆர் அண்ணை செத்தது?" என்று கேட்டுவிட்டார்கள். அண்ணையின் கையில் ஒரு பெரிய ரோஜாமாலை இருந்தது. அதைப் பார்த்த ஒருவர் தொப்பியையே கழற்றிவிட்டார்.

"மாலை எதுக்குண்ணே?"

"கடைப் பிள்ளையாருக்கு. பின்னேரம் வாறதுக்குள்ளை பூக்கடை பூட்டிப்போடுவாங்கள்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கடையின் சாமான் வண்டியில் எனக்கு வெங்காய மூட்டைமேல் இடம். திரான்சியில் சிவப்பு விளக்கில் நின்ற வண்டி, பச்சை விழுந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தது. அக்கா ஸ்டியரிங்கைப் பிடிக்க, அண்ணையும் நானும் தேய்த்த சட்டையோடு இறங்கித் தள்ளினோம். பின்னால் வந்த காரிலிருந்து ஒருவர் கத்தியதற்கு அண்ணை பணிவாகக் கையசைத்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "உதவிக்கு வரட்டோ எண்டு கேக்கிறான்," என்றார். வண்டிக்குள்ளிருந்து அக்கா, "அவன் உங்கடை தேப்பனைப் பற்றிக் கேட்டவன்," என்றார்.

மைதானம் சின்னது. ஒரு பக்கம் படிக்கட்டு, மறுபக்கம் கயிறு. கயிற்றோரம் சொசேஜ் வாட்டுகிற புகை. அக்கா கொண்டுவந்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் பாத்திரத்தைத் திறந்ததும் புகை தோற்றது. மஞ்சள் சட்டைக்காரர்களான எதிர்க்குழுவின் தாய்மார்கூடக் கயிற்றைத் தாண்டி வந்து வாங்கிப்போனார்கள். அண்ணை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கொடுக்கல் வாங்கலில் சேராமல் இருந்தார்.

முதல் பாதியில் முள்ளம்பன்றிகள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவை விழும்போதும் அண்ணை "ம்" என்றார். "ஞாயிறுக்கு இனி ரெண்டு கல் போடலாம் போலை," என்றார். நிரோஜன் தூரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தான். "பாத்தியோ தம்பி? நிக்கிறான்."

பிறகு நிரோஜன் வந்து நீளமாக ஓர் உதை உதைத்தான். பந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே மிதந்து போனது. அண்ணையின் கட்டிய கை அவிழ்ந்தது. "உவன் ஆரைப்போலை உதைக்கிறான் தெரியுமோ?" என்று என்னைக் கேட்டார்.

"உங்களைப்போலை இல்லை," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்லத் தேவையே ஏற்படவில்லை. "மறி! மறி! நடுக்கோட்டை விடாதை!" என்று அண்ணையே நடத்திக்கொண்டிருந்தார். மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றுகொண்டே பார்த்தார். பிள்ளையார் பூவெல்லாம் உதிர்ந்தது.

கடைசி நிமிடத்தில் முள்ளம்பன்றிகள் ஏழு புள்ளி பின்னால். கடைசி நகர்வு. பந்து காற்றில் போனது. முள்ளம்பன்றிகளில் ஆக உயரமான பையன், மாலியிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவன், இரண்டு மஞ்சள் சட்டைகளைத் தோளில் தொங்கவிட்டபடியே பிடித்துக் கோட்டுக்குள் விழுந்தான். ஆறு புள்ளி. படிக்கட்டு முழுவதும் எழுந்தது.

அண்ணை என் கையைப் பிடித்து உலுக்கினார். "நேரம் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சிடுச்சிண்ணே, ஆனா..."

அந்த "ஆனா"வைக் கேட்க அவர் அங்கே இல்லை. ஊரில் யாராவது கோல் அடித்தால் பார்க்க வந்தவர்கள் மைதானத்துக்குள் ஓடி மாலை போட்டுச் சோடா கொடுப்பது வழக்கமாம். அந்த வழக்கப்படி, ஐம்பதைத் தாண்டிய குகன் அண்ணை கயிற்றைத் தாண்டி, நான் பார்த்த எந்தப் பந்தயக்காரனுக்கும் குறையாத வேகத்தில் ஓடினார். உயரமான பையன் எழுந்து நின்றதும் எம்பி மாலையைப் போட்டார். தலைக்கவசத்தைத் தாண்டி மாலை இறங்கவில்லை. நெற்றிச்சுட்டி மாதிரி தொங்கிக் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டது. பையன் குருடனைப்போலக் கையை நீட்டிக்கொண்டு நடந்தான்.

நடுவர் மஞ்சள் துணியைத் தூக்கிப் போட்டார். தண்டனைக்கு அடையாளம் அது. அண்ணை அதைக் கண்டார். குனிந்து எடுத்தார். புல்லைத் தட்டினார், நாலாக மடித்தார், இரண்டு கையாலும் நடுவரிடம் நீட்டி "மெர்சி முசியே" என்று நன்றி சொன்னார்.

என் வேலையில் ஆயிரக்கணக்கான நகர்வுகளுக்குப் பெயர் ஒட்டியிருக்கிறேன். இதற்கு ஒட்ட என்னிடம் பெயர் இல்லை.

இன்னும் ஓர் உதை பாக்கி இருக்கிறது என்பதை நான் அக்காவிடம்தான் சொல்ல முடிந்தது. நேரம் முடிந்தாலும் கோட்டைத் தொட்ட குழுவுக்கு அந்த உதை உண்டு. ஒரு புள்ளி கிடைத்தால் சமம், ஆட்டம் நீளும். உதைக்க வேண்டியவன் நிரோஜன். பக்கத்திலிருந்து உதைக்க வேண்டியதை, இப்போது அண்ணையின் புண்ணியத்தில் பதினைந்து கஜம் பின்னுக்குப் போய் உதைக்க வேண்டும்.

இரண்டு தொண்டர்கள் அண்ணையை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு வந்து கயிற்றுக்கு இப்பால் நிறுத்தினார்கள். அக்கா ஆரம்பித்தார்.

"ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகப் பெத்த பிள்ளையின்ரை வாயிலை மண்ணைப் போட்டிட்டியள் என்ன?"

"இல்லையப்பா! நான் சந்தோசத்திலை..."

"உங்களுக்கு எப்பயிருந்து சந்தோசம்?"

நிரோஜன் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு கயிற்றருகே வந்தான். அதுவரை அப்பாவிடம் அவன் தமிழ் பேசி நான் கேட்டதில்லை.

"அப்பா, வேணுமெண்டோ செய்தனீங்கள்?"

தோற்றால் லாபம் அவருக்குத்தானே, யார் நம்புவார்கள்? அண்ணை இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். கை இரண்டும் தொண்டர்களிடம் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. நிரோஜன் ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் எறிய வேண்டிய பையனுக்கும் பதினைந்து கஜத்தில் பதற்றம் பிடித்துவிட்டது போலிருக்கிறது. 2014 அமெரிக்க இறுதியாட்டத்தின் முதல் நகர்விலேயே பந்து எறிகிறவனின் தலைக்கு மேலே பறந்துபோகும். அதை மறுபடியும் கண் முன்னால் பார்த்தேன். தரையில் நிறுத்திப் பிடிக்க மண்டியிட்டிருந்தவனின் தலைக்கு மேலே பந்து போனது. நிரோஜனின் தலைக்கும் மேலே போனது. உருண்டது.

நிரோஜன் ஓடிப்போய் எடுத்தான். உதைக்க நேரமில்லை. எதிரே மஞ்சள் சட்டைகள் சுவர்போல வந்தன.

"கோட்டைப் பார்!" என்று என் காதருகே ஒரு குரல் வெடித்தது. "கிளி பின்னாலை வருது! வலப்பக்கம் வெட்டு! நில்! நில்! இப்ப ஓடு! இப்ப!"

ஒருவன் பாய்ந்தான், நிரோஜன் அங்கே இல்லை. இன்னொருவன் பாய்ந்தான், தன் ஆள்மேலேயே விழுந்தான். ஒல்லியான நிரோஜன் நின்றான், வளைந்தான், மறுபடி நின்றான், மஞ்சள் சட்டைகள் எல்லாம் தாண்டிப்போன பிறகு சும்மா நடந்துபோகிறவன் மாதிரி கோட்டுக்குள் போய் விழுந்தான். உதைத்தால் ஒரு புள்ளி, பந்தைக் கோட்டுக்குள் கொண்டுபோனால் இரண்டு. முள்ளம்பன்றிகள் ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பையை எடுத்தார்கள்.

அண்ணையின் தொண்டர்கள் கையை விட்டுவிட்டுத் தாங்களே ஓடிவிட்டார்கள். அண்ணை மட்டும் கயிற்றைத் தாண்டாமல் நின்றார். நிரோஜன்தான் வந்தான், சட்டை முழுக்கச் சேறு. அவன் சட்டையில் நான் பார்த்த முதல் அழுக்கு. "பப்பா," என்று ஆரம்பித்து என்னவோ பிரெஞ்சில் சொன்னான். அண்ணை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. அக்கா ரோல்ஸ் பாத்திரத்தைத் தேடுகிறவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் முழுவதும் ரூ காயில் ஒரே விவாதம். அண்ணையின் கட்சி இது: "நான் ஓடேல்லை எண்டால் பக்கத்திலை நிண்டு உதைச்சிருப்பான். ஒண்டுதான் கிடைச்சிருக்கும். சமம். நான் ஓடினபடியால்தானே பந்து தலைக்கு மேலாலை போய் ரெண்டு கிடைச்சது? அப்ப வெல்லவைச்சது ஆர்?" கணக்குப்படி அதில் பிழை கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. தன் குரலைக் கேட்டுத்தான் மகன் வெட்டினான் என்றும் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை, தலைக்கவசத்துக்குள் தன் மூச்சுச் சத்தம்தான் கேட்டது என்றான் நிரோஜன். என்னைத் தீர்ப்புக் கேட்டார்கள். "ரெண்டு பேர் சொல்றதும் சரியா இருக்கலாம்," என்றேன். அன்றைக்கு எனக்கு ஊறுகாய் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு. அதில் அண்ணை பேச்சு மாறவில்லை. ஆனால் அந்த வார வியாழக்கிழமையே ஒரு திட்டம் போட்டிருந்தார். கடையை இனி ஞாயிறு மதியம் பூட்டிவிட்டு எல்லா ஆட்டத்துக்கும் போவதாக. அட்டைகூட எழுதிவிட்டார். அதை வாசித்த நிரோஜன் தயங்கித் தயங்கிச் சொன்னான், பயிற்சியாளர் சொல்லியனுப்பியிருக்கிறார். ஒரு வருடத்துக்கு முசியே குகன் மைதானத்து வேலிக்குள் வரக் கூடாது.

"நான்தானே வெல்லவைச்சனான்!"

"அதையும் சொன்னனான். அதுக்குப் பிறகுதான் ஒரு வருசம் எண்டவர். முதல் ஆறு மாசம் எண்டுதான் சொன்னவர்."

அண்ணை கல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அக்கா கல்லாவை மூடினார். "அப்ப ஆட்டத்துக்கு நான் போறன்," என்றார் சாதாரணமாக. "வெங்காயம் உரிக்கிறதையும் நீங்களே பாருங்கோ."

நான் ஊருக்குக் கிளம்பிய நாளும் ஞாயிறுதான். முள்ளம்பன்றிகளுக்கு எங்கோ ஒரு நட்பாட்டம். கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். அண்ணை ஒரு கையால் கொத்திக்கொண்டு, இன்னொரு கையால் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார். முன்னால் எண்ணெய்ப் போத்தலில் சாய்த்து வைத்த கைபேசியில் அக்கா மைதானத்திலிருந்து நேரடியாகப் படம் காட்டினார். நான் விடைபெறக் குனிந்து பார்த்தேன். திரையில் ஒரு பெண்மணியின் காதுத் தோடு தெரிந்தது. பிறகு கொஞ்சம் புல். பிறகு ஒரு ரோல்ஸ்.

"இஞ்சாரும், பந்தைக் காட்டும்!" என்று கத்தினார் அண்ணை.

"பந்து அங்கைதான் நிக்குது, எங்கையும் போகேல்லை. நான் உவவோடை கதைச்சுக்கொண்டிருக்கிறன்."

"பெடியன் என்ன செய்யிறான்?"

"நிக்கிறான்."

"நிக்கட்டும்! நிக்கிறதையாவது காட்டும்!"

மூன்றாம் மேசையிலிருந்து ஒருவர் கொத்து இன்னும் வரவில்லை என்று குரல் கொடுத்தார். அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை.